பாலைவனத்தில் ஒரு மடக்குக் குளிர்ச்சி

மே மாதத்தில் ஜோத்பூர் ரயில் நிலையத்தில் காலை எட்டு மணிக்கே வெயில் உறைக்கத் தொடங்கிவிடுகிறது. ஒசியான், ஃபலோதி, போக்ரான் வழியாக ஜெய்சல்மேர் போகும் ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு உட்கார இடம் கிடைக்குமா என்பது இரண்டாவது கவலை. முதல் கவலை தண்ணீர். பிளாட்பாரக் குழாயடியில் கூடும் பாத்திரங்களே ஒரு கண்காட்சி. கல்லூரி மாணவர்களிடம் எவர்சில்வர் வாக்குவம் பாட்டில்கள். குடும்பத்தோடு போகிறவர்களிடம் தடித்த பிளாஸ்டிக் ஜக்குகள். அபூர்வமாக, முண்டாசு கட்டிய ஒரு முதியவரின் தோளில், துணி சுற்றிய தட்டையான குடுவை ஒன்று. அதில் நீர் பிடித்தபின் மேலே சுற்றிய துணியையும் நனைத்துக்கொண்டுதான் அவர் ரயில் ஏறுகிறார்.

அந்தக் குடுவையின் பெயர் பாத்லா. ஜோத்பூரின் பழைய கைத்தொழில்களில் ஒன்று. துத்தநாகத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, மேலே கனத்த துணியால் உறை தைக்கிறார்கள். வட்டம், அரைவட்டம், சதுரம் என்று பல வடிவங்கள். பெரியவற்றில் குழாயும், ஐஸ் போடத் தனி அறையும் வைப்பதுண்டு. குதிரையிலும் ஒட்டகத்திலும் மார்வார் மணலைக் கடந்தவர்களின் வழித்துணை அது. இன்று ஜரிகை வைத்த பாத்லாக்கள் வரவேற்பறை அலங்காரமாகவும் விலை போகின்றன.

எவர்சில்வர் பாட்டிலின் பூர்வீகம் வேறு. 1892-ல் லண்டனில் ஜேம்ஸ் டேவர் என்ற விஞ்ஞானி, கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களைப் பாதுகாக்க இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவை ஒன்றைச் செய்தார். இரு சுவர்களுக்கும் நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டதால் வெப்பம் கடந்துவர வழி இல்லாமல் போனது. அவர் காப்புரிமை வாங்கவில்லை. 1904-ல் ஜெர்மானியர்கள் அதை 'தெர்மாஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி போய் எவர்சில்வர் வந்தது பிற்பாடு. தத்துவம் மாறவில்லை. வெப்பம் முக்கியமாகக் கழுத்து வழியாகவும் மூடி வழியாகவும்தான் உள்ளே கசிகிறது.

ரயில் ஒசியானைத் தாண்டுகிறது. ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. 'லூ' என்று இங்கே அழைக்கப்படும் அனல்காற்று பெட்டிக்குள் மணலை வீசுகிறது. பாட்டில் பெட்டிகளின் மேல் '24 மணி நேரம் குளிர்ச்சி' என்று அச்சிட்டிருக்கும் வாசகத்துக்கு இதுதான் பரீட்சை ஹால்.

அந்த வாசகம் எந்தச் சூழ்நிலையில் உண்மை என்பதைக் கவனிக்க வேண்டும். உதாரணமாக, ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் குளிர்காக்கும் திறனைச் சோதிக்கும் முறை இது: சுமார் 20 டிகிரி வெப்பமுள்ள அறையில், 4 டிகிரி நீரை விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திறக்காமல் 6 மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 16 டிகிரி. ரயில் பெட்டியில் 44 டிகிரி இருந்தால் அதே வித்தியாசம் 40 டிகிரி. வெப்பம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகத்தில் உள்ளே நுழையும். போதாக்குறைக்குப் பயணி நடுநடுவே குடிக்கிறார். பாட்டிலில் பாதி நீர் தீர்ந்துவிட்டால், மிச்சமுள்ள பாதி இருமடங்கு வேகத்தில் சூடேறும்.

இதற்கு மாற்று ஐஸ். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். 200 கிராம் ஐஸ் உருகுவதற்குள் விழுங்கும் வெப்பம், ஒரு லிட்டர் நீரை 16 டிகிரி சூடாக்கக்கூடியது. விவரம் தெரிந்தவர்கள் பாட்டிலில் முதலில் ஐஸைப் போட்டுப் பிறகு நீர் ஊற்றுவதன் ரகசியம் இதுதான். ஆனால் ஐஸுக்கு வீட்டில் ஃபிரிட்ஜ் வேண்டும், அல்லது கையில் காசு வேண்டும். வாக்குவம் பாட்டில் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. கொடுத்ததைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். அது ஒரு பெட்டகம். போட்டு வைக்க ஏதாவது இருப்பவனுக்குத்தான் பெட்டகத்தால் பயன்.

பாத்லா சம்பாதிக்கிற ஜாதி. நனைந்த துணியிலிருந்து ஒரு கிராம் நீர் ஆவியாகப் போகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. இரண்டு லிட்டர் பாத்லாவின் மேல் 50 கிராம் நீர் ஆவியானால், கணக்குப்படி உள்ளிருக்கும் நீர் 14 டிகிரி வரை குளிரலாம். வெளிவெப்பம் ஓயாமல் உள்ளே வருவதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. லாரிகளின் முன்புறம் தொங்கும் 'சாகல்' என்ற கித்தான் பைகளும் இதே வித்தையைத்தான் செய்கின்றன. வண்டி ஓட ஓட, காற்று பட்டுப் பை குளிர்கிறது. ஊரெங்கும் வாசலில் வைத்திருக்கும் மண்பானையும் அப்படியே.

இந்த வித்தைக்கு எல்லை உண்டு. 45 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 15 சதவீதம் என்றால், ஆவியாதலால் அதிகபட்சம் 24 டிகிரி வரை இறங்கலாம். மும்பையில் 34 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் 29 டிகிரியோடு நின்றுவிடும். பாத்லா பாலைவனத்தின் பிள்ளை. கடற்கரையில் அதற்கு வேலை இல்லை. இன்னொன்று, அது குளிர்ச்சிக்கு விலையாக நீரையே கேட்கிறது. இந்திரா காந்தி கால்வாயிலிருந்து நீரை ஏற்றிக் கொண்டுவந்து தாகம் தீர்க்கும் பூமியில் அது சின்ன விலை அல்ல.

ஜோத்பூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் ஃபலோதி வருகிறது. 2016 மே 19 அன்று இங்கே பதிவான 51 டிகிரி, இந்தியாவின் வெப்பச் சரித்திரத்தில் தனி இடம் பிடித்தது. 2024 மே மாதத்திலும் பாதரசம் 50-ஐத் தொட்டது. 2023-ல் தனி மாவட்டமான இந்த ஊரைச் சுற்றி உப்பளங்கள். வடக்கே பாலையில் 2,245 மெகாவாட் திறன் கொண்ட பட்லா சூரிய மின் பூங்கா. குடுவையின் பெயரோடு ஒலி ஒற்றுமை தற்செயல்.

உப்பளத்தில் நிழல் கிடையாது. வெண்மையான தரை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. பழைய குளிர்பான பாட்டிலில் கொண்டுவந்த நீர் மதியத்துக்குள் கொதிநீர்போல் ஆகிவிடுகிறது. சூடான நீரை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. தொண்டையை நனைத்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். உடல் கேட்பது குளிர்ச்சியை அல்ல, நீரை. ஆனால் குளிர்ந்த நீர் என்றால்தான் போதிய அளவு உள்ளே போகும். வியர்வையில் இழந்ததை ஈடுகட்டாத உடல்தான் வெப்பத்தாக்கில் சுருண்டு விழுகிறது. ஆகவே இங்கே குளிர்ச்சி ஆடம்பரம் அல்ல. பிளாஸ்டிக் கேனை ஈரச் சாக்கால் சுற்றி வைத்தாலே சில டிகிரி குறையும். அந்தச் சில டிகிரியில் இருக்கிறது, ஒரு மடக்கா, ஒரு செம்பா என்பது.

பாலைவனச் சாலைகளில் 'ப்யாவூ' என்ற தண்ணீர்ப் பந்தல்கள் நெடுங்காலமாக உண்டு. தர்மத்துக்கு வைத்த பானைகள். நீண்ட மூக்குள்ள பாத்திரத்திலிருந்து, குவித்த கைகளில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். சுத்தத்துக்காகத்தான் என்பார்கள். ஆனால் அந்த நீண்ட மூக்கு, ஊற்றுகிறவரையும் குடிக்கிறவரையும் எட்ட நிறுத்தவும் உதவியது. பிரிட்டிஷ் ஆட்சியில் ரயில் நிலையங்களில் 'இந்து நீர்', 'முஸ்லிம் நீர்' என்று தனித்தனியாக வழங்கிய நாடு இது. இந்த வெளிச்சத்தில் பார்த்தால், தோளில் தொங்கும் சொந்த பாட்டிலுக்கு வேறொரு மதிப்பு தெரிகிறது. அதைத் திறந்து குடிக்க யாரிடமும் ஜாதி சொல்ல வேண்டியதில்லை.

ரயில் போக்ரானில் நிற்கிறது. அணுகுண்டுச் சோதனையால் உலகம் அறிந்த ஊர். குயவர்களாலும் அறியத்தக்கது, போக்ரான் மண்பாண்டங்கள் 2018-ல் புவிசார் குறியீடு பெற்றன. மண்ணும் எவர்சில்வரும் போட்டியாளர்களாக இருக்க வேண்டியதில்லை என்பதை இங்கே உணர முடிகிறது. இரவெல்லாம் மண்பானையில் குளிர்ந்த நீரை விடியற்காலையில் வாக்குவம் பாட்டிலில் நிரப்பினால் போதும். 24 டிகிரி நீருக்கும் 44 டிகிரி காற்றுக்கும் வித்தியாசம் 20 டிகிரிதான்; ஃபிரிட்ஜ் நீருக்கு இருப்பதில் பாதி. வெப்பம் ஏறும் வேகமும் பாதி. மதியச் சாப்பாட்டு வேளையில் திறந்தால் பானை நீரின் இதம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஐஸ் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

பிளாட்பாரத்தில் இறங்கிய முதியவர் தம் பாத்லாவை மறுபடி குழாயில் பிடிக்கிறார். முதலில் உள்ளே; பிறகு துணிக்கு இரண்டு கை நீர். ஒரு சொட்டுக்கூட வீணாகத் தரையில் விழவில்லை.