மறதி யாருடையது?

தில்லிக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்தபின், என் மேசைமீது இருக்கும் என் கணினியே என்னைப் பார்த்து, ‘நீர் இவ்வீட்டுக்காரர் அல்லர்’ என்று கூறிய கதையை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கதை சிறிது, ஆயினும் அதனால் நான் அடைந்த கலக்கம் சிறிதன்று. நம் சங்கத்து முதியோர் பிறருக்கும் இத்தகைய அனுபவம் நேரக்கூடும் என்பதால் எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, கணினியை அணைக்கப் போகும் வேளையில், ‘புதுப்பித்து அணைக்கவும்’ என்னும் வாசகம் திரையில் தோன்றியது. இயக்க முறைமைக்கு அவ்வப்போது வரும் அப்டேட்தானே என்று இசைந்துவிட்டு உறங்கச் சென்றேன். ஞாயிறு காலை காபி அருந்திவிட்டு மேசையின்முன் அமர்ந்தேன். வழக்கம்போல் கடவுச்சொல்லைத் தட்டினேன். ‘கடவுச்சொல் தவறு, மீண்டும் முயல்க’ என்றது கணினி. விரல் பிறழ்ந்திருக்கும் என்று எண்ணி மீண்டும் தட்டினேன். அதே மறுமொழி. மூன்றாம் முறையும், நான்காம் முறையும் அவ்வாறே.

அக்கடவுச்சொல்லை இப்போது வெளியிடுவதில் தீங்கில்லை. அன்றே அதனை மாற்றிவிட்டேன். எங்கள் ஊராகிய நன்னிலத்தின் பெயர் ஆங்கிலத்தில் எட்டு எழுத்து; அதன்பின் @ என்னும் குறி; அதன்பின் நான் தில்லிக்கு ரயிலேறிய 1974 என்னும் ஆண்டு. ஆகப் பதின்மூன்று. ஊரை விட்டு வந்தவர்களில் ஊர்ப்பெயரையே பூட்டுக்குச் சாவியாக வைத்துக்கொள்பவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்றே நம்புகிறேன். பிறர் எளிதில் ஊகிக்கக்கூடிய சொல் அது என்பது வேறு விஷயம். எனக்கு அது மறக்க இயலாத சொல்.

மறக்க இயலாது என்றுதான் எண்ணியிருந்தேன். ஐந்தாம் முறையும் மறுக்கப்பட்டபோது அந்த உறுதி ஆட்டங்கண்டது. என் தமையனார் தம் இறுதி மூன்று ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மறந்துகொண்டே போனார். முதலில் சாவி வைத்த இடம். பிறகு தெருவின் பெயர். பிறகு பிள்ளைகளின் பெயர். ஒருமுறை தஞ்சாவூருக்குச் சென்று அவர்முன் நின்றபோது, ‘தாங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள்?’ என்று மரியாதையோடு வினவினார். அந்த மரியாதை என் நெஞ்சை அறுத்தது. எழுபதைத் தாண்டிய எனக்கும் அதே வழி தொடங்கிவிட்டதோ என்னும் அச்சம் அன்று காலை வந்து பற்றிக்கொண்டது.

மற்றொரு கவலையும் உண்டு. 1974 முதல் 1991 வரை என் தாயார் எனக்கு எழுதிய இன்லண்டு கடிதங்களை எல்லாம் இரண்டாண்டுக் காலம் உழைத்துக் கணினியில் தட்டச்சு செய்திருந்தேன். அவ்வேலை முடிந்த மறுஆண்டு மழைக்காலத்தில் பரண்மேல் நீர் கசிந்து, மூலக் கடிதங்களின் மை கரைந்து, நீலத்தாளில் நீலக்கறையே எஞ்சியது. ஆதலால் அக்கடிதங்கள் இப்போது உயிர்வாழ்வது அக்கணினிக்குள் மட்டுமே. வேறோரிடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள் என்று என் மகன் பலமுறை கூறியிருக்கிறான். நானும் ‘ஆகட்டும், ஆகட்டும்’ என்று கூறியே காலத்தைக் கழித்திருந்தேன்.

பெங்களூரில் இருக்கும் மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவன் பொறுமையாகத்தான் கேட்டான்.

“அப்பா, அண்மையில் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? மாற்றிவிட்டு மறந்திருப்பீர்கள்.”

“மாற்றவில்லை.”

“ஒருவேளை...” என்று தயங்கினான். பிறகு, “சரி, நினைவுக்கு வரவில்லை என்றால் ரீசெட் செய்துவிடலாம். உள்ளே இருப்பவை போய்விடக்கூடும். இருந்தாலும் கணினியாவது பயன்படும்” என்றான்.

அந்த ‘ஒருவேளை’க்குப் பின் அவன் விழுங்கிய வாக்கியம் எனக்குக் கேட்டது. பெரியப்பாவின் கதை அவனுக்கும் தெரியும் அல்லவா?

மாலைவரை பொறு என்று கூறித் தொலைபேசியை வைத்தேன். கடவுச்சொல்லை யாரிடமேனும் கேட்டறியலாமே என்று அன்பர்கள் நினைக்கலாம். அதற்கு வழியில்லை. கணினி கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஒரு கணக்கில் இட்டு அரைத்து, அதில் விளையும் குறியீட்டை மட்டுமே வைத்துக்கொள்கிறது. மாவைப் பார்த்து அதனை மீண்டும் அரிசியாக்க இயலாதது போல, அக்குறியீட்டைத் திருப்பிக் கடவுச்சொல்லாக்க இயலாது. நாம் தட்டுவதை அதே கணக்கில் மீண்டும் அரைத்து, இரண்டும் ஒத்திருந்தால் கதவைத் திறக்கிறது. ஓர் எழுத்து பிசகினாலும் விளையும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். ஆகையால் ‘பன்னிரண்டு சரி, ஒன்று பிழை’ என்று அதனால் கூற இயலாது. ஒன்று பிசகினாலும் பதின்மூன்றும் பிசகினாலும் அதன் தீர்ப்பு ஒன்றே.

இதனை அறிந்திருந்தும் நான் செய்த பிழை யாதெனில், அத்தீர்ப்பை என் நினைவின்மீது வந்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டதுதான்.

பின்னர் மனத்தைத் தேற்றிக்கொண்டு, அலுவலகத்தில் கணக்கு உதைத்தால் வரிசையாகச் சரிபார்ப்போமே, அவ்வாறு ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். பெரிய எழுத்துக்குரிய கேப்ஸ் லாக் விசை அமுங்கியிருக்கிறதா? இல்லை. எண்களுக்குரிய நம் லாக்? சரியாகவே இருந்தது. திரையில் விழும் புள்ளிகளை எண்ணினேன், பதின்மூன்று. நான் தமிழிலும் தட்டச்சு செய்பவன் ஆதலால், விசைப்பலகை தமிழ்99 அமைப்பில் நின்றுவிட்டதோ என்று ஐயுற்றுத் திரையின் மூலையைப் பார்த்தேன். ‘ஈ.என்.ஜி.’ என்று ஆங்கிலத்தையே காட்டியது. ஆகவே அவ்வையத்தையும் விட்டேன். அங்கேதான் ஏமாந்தேன் என்பது பிறகு விளங்கிற்று. இதற்கிடையே பன்முறை தவறியதால், சற்று நேரம் கழித்து முயலுமாறு கூறிக் கணினி கதவை அடைத்துக்கொண்டது.

அப்போது என் மனைவி சமையலறையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கணினியைத் தொட்டவள் அல்லள்.

“நீங்கள் தட்டுகிற எழுத்து இதில் எங்கே தெரிகிறது?” என்று கேட்டாள்.

“எழுத்துத் தெரியாது. புள்ளி மட்டுந்தான் தெரியும். மற்றவர் பார்த்துவிடக் கூடாதல்லவா?”

“மற்றவர் இருக்கட்டும். உங்களுக்கே தெரியவில்லையே! நீங்கள் நினைத்ததுதான் அங்கே விழுந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?”

நான் வாயடைத்துப் போனேன். கும்பகோணத்தில் ஹையர் தேர்வில் தேறி, அந்தச் சான்றிதழை நம்பியே இத்தலைநகருக்கு வந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் தட்டச்சில் பிழைத்தவன் நான். விசைகளைப் பாராமல் தட்டுவது என் பெருமை. விரல் ஒரு விசையை அழுத்தினால் உரிய எழுத்து விழும் என்பதில் எனக்கு ஐயமே எழுந்ததில்லை.

கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் கண் வடிவில் ஒரு சிறு குறி உண்டு. தட்டியபின் அதனை அழுத்திப் பிடித்தால் புள்ளிகள் விலகி எழுத்துகள் தோன்றும். கணினி மீண்டும் இடங்கொடுத்தபின், பதின்மூன்றையும் தட்டிவிட்டு அக்கண்ணை அழுத்தினேன். ஊர்ப்பெயர் சரியாக இருந்தது. ஆண்டும் சரியாக இருந்தது. இடையில் @ இருக்கவேண்டிய இடத்தில் " என்னும் இரட்டை மேற்கோள் குறி நின்றது!

காரணம் உடனே புலப்பட்டது. ஆங்கில விசைப்பலகை ஒன்றன்று, பலவகை. அமெரிக்க அமைப்பில் எண் 2இன் தலைமேல் @ இருக்கும். பிரித்தானிய அமைப்பில் அவ்விடத்தில் இரட்டை மேற்கோள் இருக்கும். @ குறியோ வலப்புறத்தில் ஒற்றை மேற்கோள் விசைக்கு மேலே போய்விடும். எழுத்துகளும் எண்களும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால், வேறுபாடு குறிகளில் மட்டுமே வெளிப்படும். இரவில் நிகழ்ந்த அப்டேட், நுழைவுத் திரையில் அமெரிக்க அமைப்பை அகற்றிப் பிரித்தானிய அமைப்பை முன்வைத்துவிட்டது. மூலையில் நான் பார்த்த ‘ஈ.என்.ஜி.’ என்பதன் கீழே ‘யு.கே.’ என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்தது. மேல்வரியைப் படித்தவன் கீழ்வரியைப் படிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நான் பழகிய பழைய தட்டச்சுப் பொறியிலும் 2இன் தலைமேல் இருந்தது இரட்டை மேற்கோளே. @ என்பது விலை விவரப் பட்டியலில், ‘இத்தனை மூட்டை, மூட்டை ஒன்று இன்ன விலை வீதம்’ என்று குறிப்பதற்காக வேறொரு விசையில் இருந்தது. அதனாலன்றோ இன்றும் நம் நாட்டில் அதனை ‘அட் தி ரேட்’ என்கிறோம்! 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் கணினிகளுக்கிடையே அஞ்சல் அனுப்ப முற்பட்டபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக்காட்ட அக்குறியைத் தேர்ந்தெடுத்தார். அதன்பின்பே அதற்கு இத்தனை வாழ்வு வந்தது. கணினிக்கு மாறியபோது என் விரல் வெகு சிரமப்பட்டுப் பழைய பழக்கத்தை மறந்து புதியதைக் கற்றது. அன்று காலை என் விரல் எதையும் மறக்கவில்லை. கணினிதான் தன் பழக்கத்தை மறந்து, பழைய தட்டச்சுப் பொறியைப் போல் நடந்துகொண்டது!

மூலையில் இருந்த எழுத்துகளை அழுத்தினேன். யு.கே., யு.எஸ்., தமிழ் என மூன்று அமைப்புகள் தோன்றின. யு.எஸ். என்பதைத் தேர்ந்து, மீண்டும் தட்டினேன். கதவு திறந்தது. முதலில் தாயாரின் கடிதங்கள் இருந்த கோப்பைத்தான் திறந்தேன். முதல் கடிதத்தில், தில்லியில் குளிர் கடுமையாமே, கம்பளி வாங்கிக்கொண்டாயா என்று கேட்டிருந்தார். என் மனைவியும் உடன் நின்று படித்தாள்.

பிறகு மகனை அழைத்து நிகழ்ந்ததைக் கூறினேன்.

“கடிதங்கள் இருக்கின்றனவா?” என்றான்.

“இருக்கின்றன.”

சிறிது நேரம் பேச்சில்லை. “காலையில் நான் அவசரப்பட்டுவிட்டேன், அப்பா.”

“நானும்தான்” என்றேன். உண்மையும் அதுவே. அவன் என்னை ஐயுறுவதற்கு முன்பே நான் என்னை ஐயுற்றுவிட்டேன்.

அவன் கூறிய வழியில் அமைப்புப் பகுதிக்குச் சென்று, வேண்டாத பிரித்தானிய அமைப்பை நீக்கினேன். அது மட்டும் போதாது. நுழைவுத் திரைக்கு எனத் தனி அமைப்பு உண்டு. நம் அமைப்பை அதற்கும் நகலெடுத்துக் கொடுத்தால்தான் மறுநாள் அதே தொல்லை வராது. அதனையும் செய்தேன். கடிதங்களை இரண்டு பென்டிரைவுகளில் நகலெடுத்து, ஒன்றை மகனுக்கு அனுப்பினேன். புதிய கடவுச்சொல்லைக் குறிகள் ஏதுமின்றிப் பல சொற்கள் சேர்ந்த நீண்ட தொடராக வைத்துக்கொண்டேன். குறிகளைக் கட்டாயப்படுத்துவதைவிட நீளமே நல்ல காவல் என்னும் கருத்தில், அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனமும் 2017இல் வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்கிறது.

அன்பர்கள் எவருக்கேனும் அப்டேட் முடிந்த மறுநாள் கடவுச்சொல் செல்லாமற் போனால், முதலில் அக்கண்ணை அழுத்திப் பாருங்கள். அது இல்லையேல், அதே திரையில் உடல்வசதி குறைந்தோருக்கெனத் தரப்பட்டுள்ள பகுதியில் திரை விசைப்பலகை உண்டு. எந்த விசையில் எந்தக் குறி நிற்கிறது என்பதை அது காட்டும். மூலையில் உள்ள இரண்டு வரிகளையும் படியுங்கள். ரீசெட் என்னும் சொல்லை அனைத்துக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டிலுள்ள முதியவர், ‘நான் மறக்கவில்லை’ என்று கூறினால், அதனை ஒரு சான்றாக வைத்துக்கொண்டு ஆராயத் தொடங்குங்கள். என் தமையனாரைப் போல உண்மையாகவே மறப்பவரும் உண்டு. அவர்களுக்கு நம் அன்பு வேண்டும். ஆயினும், புள்ளிகளுக்குப் பின்னால் என்ன விழுந்தது என்று பார்ப்பதற்கு முன்பே ஒருவரை அந்த வரிசையில் சேர்த்துவிட வேண்டா.