மிச்சம் வைத்த குதிரைகள்

1248 சிசி. கடந்த பதினைந்து வருடங்களில் இந்தியச் சாலை ஒன்றின் ஓரமாக நின்ற யாரும் இந்த எஞ்சினின் கரகரப்பைக் கேட்டிருப்பார்கள். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல். மாருதியில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட் என்று பெயர் மாறும். உள்ளே அதே நாலு சிலிண்டர். கார்ப் பிரியர்கள் ‘தேசிய எஞ்சின்’ என்று பாதி கேலியும் பாதி பாசமுமாகச் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே எஞ்சின் ஸ்விஃப்டிலும் டிசையரிலும் 75 பிஎஸ் தரும். எர்டிகாவில் 90 பிஎஸ். அதே சிசிதான். அந்தப் பதினைந்து குதிரை எங்கிருந்து வந்தது?

என்னைப் பொறுத்தவரை இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக இருந்தது, என் சித்தப்பா பையன் கேட்கும்வரை. கோவையிலிருந்து ஊட்டிக்கு டிசையர் டாக்சி ஓட்டுகிறான். செகண்ட் ஹேண்டில் எடுத்த வண்டி, இன்னும் பதினாலு தவணை பாக்கி. போனில் சொன்னான்: “நாலு பேரு, டிக்கி நெறைய பெட்டி. கல்லாறு தாண்டுனா வண்டி மூச்சு வாங்குதுங்ண்ணா. ரீமேப் பண்ணுனா சரியாயிரும்ங்கறாங்க. அது சாஃப்ட்வேர்தானுங்ளே, நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

மூச்சு வாங்குகிறது என்று அவன் சொன்னது உவமை இல்லை. எஞ்சினுக்குள் எரிபொருளை ஊற்றுவது சுலபம், ஒரு பம்ப் போதும். அதை எரிக்கத் தேவையான காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கஷ்டம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 4000 ஆர்பிஎம்மில் இந்தக் குட்டி எஞ்சினின் சிலிண்டர்கள் நிமிடத்துக்குச் சுமார் 2500 லிட்டர் இடத்தைத் திறந்து மூடுகின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுப்பான்.

ஆக, சக்தியைக் கூட்டுவது என்பது கல்யாணப் பந்தி மாதிரியான ஒரு கணக்கு. நிறைய பேரைச் சாப்பிட வைக்க மூன்று வழி. மண்டபத்தைப் பெரிதாக்கலாம். பந்தியை வேகமாக மாற்றலாம். அல்லது இருக்கிற பந்தியிலேயே நெருக்கி உட்கார வைக்கலாம்.

மண்டபத்தைப் பெரிதாக்குவதுதான் பழைய அமெரிக்க வழி. பெரிய எஞ்சின், நிறைய சிசி. நம்பகமானது, அவசரமே படாது. ஆனால் எடை கூடும், குடிக்கும். நம் ஊரில் அதற்கு வரியும் குறுக்கே நிற்கிறது. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி என்று அரசு போட்ட கோட்டுக்குள்தான் நம் சின்ன கார்களின் மொத்த வரலாறும் நடந்தது.

பந்தியை வேகமாக மாற்றுவதில் ஹோண்டா கில்லாடி. 1999-இல் வந்த எஸ்2000, டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சினை 9000 ஆர்பிஎம் வரை சுழற்றி, ஜப்பானில் 250 பிஎஸ் எடுத்தது. அழகான காரியம்தான். ஆனால் முழுச் சக்தியும் உச்சியில் இருக்கும், விரட்டினால்தான் கிடைக்கும். டீசலில் இது நடக்காது. கனமான பாகங்கள், நிதானமாக எரியும் எரிபொருள். அதன் ஓட்டம் நாலாயிரம் ஐயாயிரத்தில் முடிந்துவிடும்.

மிச்சம் நெருக்கி உட்கார வைப்பது. இதிலும் இரண்டு வகை. சூப்பர்சார்ஜர், எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்து காற்றை அமுக்கும். மிதித்த உடனே பதில் வரும். ஆனால் தன்னைச் சுழற்ற எஞ்சினிடமே கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். டர்போ வீணாகப் போகும் புகையில் சுழல்வது. ஆல்ஃபிரட் பியூஷி என்ற சுவிஸ் எஞ்சினியர் 1905-லேயே காப்புரிமை எடுத்துவிட்டார். ஏறக்குறைய ஓசி சக்தி. ஆனால் புகை பெருகும்வரை காத்திருக்க வேண்டும். டிசையரில் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே வண்டி தூங்குவதும் அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளுவதும் அதனால்தான்.

எர்டிகாவின் ரகசியமும் இங்கேதான். அதன் டர்போவில் புகை நுழையும் வழியைத் தேவைக்கேற்பக் குறுக்கும் தகடுகள் உண்டு. ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சுமே, அதே வித்தை. புகை குறைவாக இருந்தாலும் டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும்.

நெருக்குவதற்கு விலை உண்டு. காற்றை அமுக்கினால் சூடாகும்; சூடான காற்று மறுபடி விரியப் பார்க்கும். அதற்காகத்தான் நடுவில் இன்டர்கூலர். அதையும் மீறி அமுக்கினால் என்ன ஆகும் என்பதை 1986-இன் ஃபார்முலா ஒன் காட்டியது. 1.5 லிட்டர் டர்போ எஞ்சின்கள் தகுதிச் சுற்றில் 1000 குதிரைத்திறனைத் தாண்டின. சில சுற்றுகளில் அந்த எஞ்சின்களின் ஆயுளும் முடிந்தது. தம்பியின் 75 பிஎஸ் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டில் எது நல்ல எஞ்சின் என்று கேட்டால், யாருடைய எஞ்சின் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இனி சாஃப்ட்வேர். மலிவான வழி ட்யூனிங் பாக்ஸ். சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, டீசல் அழுத்தம் இருப்பதைவிடக் குறைவு என்று பொய் சொல்லும். இசியு அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். என் துறையில் இதைச் செய்தால் ஹேக்கிங் என்பார்கள். ரீமேப் கொஞ்சம் நேர்மையானது. இசியுவில் இருக்கும் அட்டவணைகளையே திருத்துவது. இந்த ஆர்பிஎம், இந்த மிதி, இவ்வளவு டீசல், இவ்வளவு பூஸ்ட். பார்க்க ஒரு எக்செல் ஷீட்தான். தம்பி விசாரித்த ட்யூனர் 75-ஐ 95 ஆக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். பொய்யில்லை, எண்களை மாற்றினால் வரும்.

ஆனால் கம்பெனி அந்த எண்களைக் குறைத்து வைத்தது கஞ்சத்தனத்தால் அல்ல. நாங்கள் சர்வர்களை அறுபது சதவீதத்துக்கு மேல் ஓடவிடுவதில்லை. மீதி நாற்பதுக்கு ஏன் காசு என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். தீபாவளி விற்பனை அன்று கேட்க மாட்டார்கள். கலப்பட டீசல், பழைய ஆயில், மே மாத வெயில், தேய்ந்த கிளட்ச் எல்லாம் ஒரே நாளில் சேரும்போது தாங்குவதற்காக விட்டு வைத்த இடம் அது.

தம்பிக்கோ அந்த நாள் தினமும் வருகிறது. ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டி அந்த அளவுக்கு இளைத்துப் போகும். டர்போ வண்டியில் அதே அழுத்தத்தைத் தர டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சின்ன டர்போக்கள் சமவெளியிலேயே நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றை நெருங்குபவை. ட்யூனர் விற்க நினைக்கும் மிச்சத்தை மலை ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும் சொன்னேன். கம்பெனி கொடுத்து ஆர்சியில் பதிவான அமைப்பை மாற்றக் கூடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதைக் கேட்பார். அவன் சட்டத்துக்கு அசரவில்லை. டர்போ போனால் எத்தனை தவணைக்கான காசு என்று அவனே மனக்கணக்குப் போட்டான். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“செரிங்ண்ணா, அப்ப இருக்கற எழுபத்தஞ்சாச்சும் ஒழுங்கா வருதானு பாத்துர்றேன்.”

நான் யோசித்திருக்க வேண்டிய கேள்வி அவனுக்கு முதலில் தோன்றியது. மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் பார்த்தார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரல் நீளத்துக்குக் கீறல். ஏர் ஃபில்டர் கறுத்துப் போயிருந்தது. இஜிஆர் வால்வு முழுக்கக் கரி. சுத்தம் செய்து, ஹோஸ் மாற்றி, அன்றே மலை ஏறினான். கூடவே மெக்கானிக் சொன்ன இன்னொன்று: கொண்டை ஊசி வளைவில் மூன்றாவதில் இழுக்காதே, இரண்டாவதுக்கு இறங்கி 2000-க்கு மேல் வைத்துக்கொள். கியர் குறைந்தால் சக்கரத்துக்குப் போகும் இழுவை கூடும், டர்போவும் தூங்காது. உலகத்திலேயே மலிவான ட்யூனிங் அதுதான், இடது கையால் செய்வது.

வண்டி இப்போது பறக்கிறது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். குன்னூர் ஏற்றத்தில் எர்டிகாக்கள் இன்னும் அவனை முந்துகின்றன. அவனுக்கு இன்னும் எரிச்சல்தான். சக்தி மீதான ஆசையை அற்பம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. பின் சீட்டில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு லாரியைத் தாண்டும் அந்த ஐந்து விநாடியில், காலுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்ற தைரியம் யாருக்கும் வேண்டும். அந்தக் கொஞ்சத்தை ரீமேப் செய்து முன்கூட்டியே எடுத்துவிட்டால், தேவைப்படும் அன்று மிதிக்க எதுவும் மீதியிருக்காது.