குருவில்லாக் கரையில் நிலைத்த செபம்

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் சூழ, எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து பழவேற்காட்டு ஏரியை நோக்கி நீளும் மணல்திட்டே காட்டுப்பள்ளித் தீவு. இத்தீவையும் ஏரியையும் சார்ந்து வாழும் மீனவருள் பெரும்பாலோர் இந்துக்கள். ஆயினும், 1515ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் பழவேற்காட்டு மகிமை மாதா ஆலயத்தைச் சுற்றி ஒரு கத்தோலிக்கச் சிறுபான்மை நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. ஆலயத்தை எழுப்பிய போர்த்துக்கேயர் அகன்று, கத்தோலிக்க வழிபாட்டை வெறுத்த ஒல்லாந்தர் வந்த பிறகும் அந்த விசுவாசம் எதைப் பற்றிக்கொண்டு நின்றது என்பதே இத்தேடலின் வினா.

இதற்கு முதலில் புரட்டப்படுபவை ஒல்லாந்தரின் எழுத்துகளே. 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டிய அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி, பழவேற்காட்டைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்தது. சாயத் துணியும் வெடிமருந்தும் கணக்கில் இடம்பெற்ற அளவுக்கு ஏரிக்கரைக் குடிசைகளில் யார் எந்தச் செபம் சொன்னார்கள் என்பது இடம்பெறாததில் வியப்பில்லை, அது கம்பெனிக்கு இலாபம் தரும் செய்தியன்று. 1630களில் இங்குப் பணியாற்றிய போதகர் ஆபிரகாம் ரொஜேரியுஸ், பத்மநாபன் என்னும் பிராமணரின் துணையுடன் இந்து சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651இல் வெளிவந்து ஐரோப்பாவில் புகழ்பெற்றது. அண்டை வீட்டுக் கத்தோலிக்கரைவிட இந்துக்களே அவருடைய ஆர்வத்தைக் கவர்ந்தனர் என்பது இத்தேடலுக்கு ஒரு நட்டம்.

ஒல்லாந்தர் சார்ந்திருந்த சீர்திருத்தச் சபை, திருத்தந்தையின் அதிகாரத்தையும், அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்று கத்தோலிக்கர் நம்பும் திருப்பலியையும், சுரூப வணக்கத்தையும் ஒருங்கே மறுத்தது. இதைவிடப் பெரிய இடர் 'பதுரவாதோ' ஏற்பாட்டில் இருந்தது. கீழைநாடுகளில் ஆயர்களை முன்மொழியவும் ஆலயங்களைப் பேணவும் போர்த்துக்கல் அரசருக்குத் திருத்தந்தை வழங்கிய உரிமையே பதுரவாதோ. எனவே அரசரின் கப்பல் பலம் குன்றியபோது குருக்களின் வரவும் குன்றியது. 1606இல் நிறுவப்பட்ட மயிலை மறைமாவட்டம் தெற்கே அருகில் இருந்தும், அதன் தலைமையிடமான சாந்தோம் நகரே 1662இல் கோல்கொண்டாப் படையிடம் வீழ்ந்தது.

இத்தகைய நிலையில் மக்கள் என்ன செய்தனர் என்பதற்குத் தெளிவான சான்று, அதே ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிய யாழ்ப்பாணத்தில் கிடைக்கிறது. பழவேற்காட்டில் கோட்டைக்கு வெளியே உள்நாட்டு அரசரின் ஆணை செல்ல, யாழ்ப்பாணத்திலோ ஒல்லாந்தரே ஆட்சியாளராக இருந்து கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தமையால், அங்கே இடர் மேலும் கொடியது. 1687இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் அங்கு வந்து, கழுத்தில் செபமாலையை வெளித்தெரிய அணிந்து வீடு வீடாக இரந்தார். மாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்ப்பதே கத்தோலிக்கரைக் கண்டுகொள்ள அவர் கையாண்ட வழி. பின்னர் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறைவைக்கப்பட்டும் பணியை விடாத அவர், 1711இல் அங்கேயே இறந்தார். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

வாஸ் அடிகளாரின் துணிவைப் போற்றும் வரலாறுகள் பல. ஆனால் அவர் வந்தபோது மாலையை அடையாளம் காணத்தக்க வீடுகள் எஞ்சியிருந்தன என்பதே அவற்றில் போதிய கவனம் பெறாத உண்மை. குருவே இல்லாத ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவ்வீடுகள் தாமே விசுவாசத்தைக் காத்திருக்கின்றன. கத்தோலிக்க மரபு அதற்கு இடம் வைத்திருக்கிறது. திருப்பலிக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் குரு கட்டாயம் தேவை. ஆபத்து வேளையில் ஞானஸ்நானத்தைப் பொதுநிலையினர் எவரும் அளிக்கலாம். அருள்நிறை மந்திரத்தைப் பத்துப் பத்தாக மணியுருட்டிச் சொல்லும் செபமாலைக்கு எந்த அனுமதியும் வேண்டியதில்லை. 'உத்தம மனஸ்தாபம்' என்று பழைய செபநூல்கள் கூறுவது, தண்டனைக்கு அஞ்சாமல் இறையன்பின் பொருட்டே பாவத்துக்கு வருந்துதல்; குரு கிடைத்ததும் பாவத்தை அறிக்கையிடும் உறுதியோடு அவ்வாறு வருந்துபவருக்குக் குரு வருமுன்னரே மன்னிப்பு உண்டு என்பது திருச்சபையின் போதனை. அச்சமே அடிப்படையான மனஸ்தாபம் பாவசங்கீர்த்தனத்தோடு போதுமானதாகலாம். குருவில்லாதவரோ அன்பின் மனஸ்தாபத்துக்கே முயல வேண்டியிருந்தது. தடை இறைவனிடம் நெருங்குவதற்கு வழியாகிறது என்ற கூற்று வெறும் ஆறுதல் மொழியன்று என்பதற்கு இதைவிட வலுவான விளக்கம் கிடைப்பது அரிது.

இதற்கான கருவிகள் முன்னரே தமிழில் இருந்தன. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் என்னும் மறைக்கல்வி நூல் 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய உதவும் அவருடைய கொம்பெசியோனாயரு 1580இல் வந்தது. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு மனப்பாடம் செய்யும் வழக்கமும், செபங்களை முன்னின்று சொல்லும் உபதேசியாரும் இருந்தால், குரு இல்லாத ஊரிலும் மறைக்கல்வி தொடர இயலும்.

இன்று காட்டுப்பள்ளிக் கரையில் எவரும் செபத்தைத் தடுப்பதில்லை. துறைமுகமும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும், கடலரிப்பும் மீனவரின் கவலைகளாகியிருக்கின்றன. ஊர்கள் இடம்பெயரும்போது முதலில் தொலைவன வீட்டுச் செபநூல்களும், முதியோர் மனப்பாடமாக வைத்திருக்கும் பழஞ்செபங்களுமே. அவற்றை வைத்திருப்போர் ஒலிப்பதிவு செய்தோ படியெடுத்தோ தத்தம் பங்கு ஆலயத்தில் ஒப்படைக்க வேண்டும்.