"நாலு கால்ல நடக்கச் சொல்றியா கண்ணு?"

பார்சலைப் பிரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். பெட்டிக்குள் கறுப்பு நிறத்தில் மடக்கி வைக்கப்பட்ட இரண்டு கம்புகள். கார்பன் ஃபைபர் ட்ரெக்கிங் போல். ஒன்றின் எடை சுமார் 200 கிராம். கையில் எடுத்துப் பார்த்தவர், "ஒட்டடைக் குச்சி இதைவிட கனமா இருக்குமே" என்று சிரித்தார். விலையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கோவைக்காரர். மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வயது 61. இருபது வருடங்களுக்கு மேலாக வெள்ளியங்கிரி ஏறுகிறார். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கி, இரவோடு இரவாக ஏழு மலையும் ஏறி, விடிந்ததும் இறங்கிவிடுவார். போன முறை மட்டும் அப்படி முடியவில்லை. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது வலது முழங்கால் ஒவ்வொரு படியிலும் 'சுருக்'கென்றது. எக்ஸ்-ரே பார்த்த டாக்டர் ஜவ்வு தேய்ந்திருப்பதாகச் சொன்னார். "ஏறுறதைவிட இறங்குறதுலதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரை நடக்க வேண்டும் என்பது அவருடைய பத்து வருட ஆசை. முழங்கால் இன்னும் மோசமாவதற்குள் போய்விடலாம் என்று டிக்கெட் போட்டது பெங்களூரில் வேலை பார்க்கும் மகள். கம்பும் அவள் வாங்கியதுதான்.

அவருக்கு விலையைவிட உறுத்தியது வேறொன்று. வெள்ளியங்கிரியில் எல்லோர் கையிலும் தடி இருக்கும். இருபது வயதுப் பையனும் ஊன்றித்தான் ஏறுவான். இது அப்படியில்லையே, முட்டி போனவனுக்கு வாங்கிக் கொடுத்த கோல் அல்லவா? வாய் விட்டு அதைச் சொல்லவில்லை. வேறு குறை கண்டுபிடித்தார். "கார்பன்ல கரண்ட் பாயும் தெரியுமா? நாங்க லைன்ல புடிக்கிற ராடு கண்ணாடி ஃபைபர். இதைத் தூக்கிட்டு இடி மின்னல்ல நிக்கச் சொல்றியா?"

அவர் சொன்னது சரிதான். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியக் கம்பும் அப்படித்தான். இடி இடித்தால் இரண்டையுமே தள்ளி வைத்துவிட வேண்டும்.

மகள் விடவில்லை. 1999-இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு ஒன்றைச் சொன்னாள். 25 டிகிரி சரிவில் இரண்டு கம்புகளை ஊன்றி இறங்கினால், முழங்கால் மூட்டில் விழும் சுமை 12 முதல் 25 சதவிகிதம் வரை குறைகிறதாம். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று கணக்குப் போட்டால், அது சின்ன விஷயமில்லை. எடை குறைவாக இருப்பதிலும் அதே கணக்குதான். ஒரு தடவை தூக்க 100 கிராம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? ஆனால், அன்றைக்கு முழுக்கத் தூக்கித் தூக்கி வைப்பது தோளும் மணிக்கட்டும்தானே.

ஒரு மாதம் மருதமலைப் படிகளில் பயிற்சி நடந்தது. கம்பை ஊன்றிப் பிடித்தால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். அவர் உயரத்துக்கு 115 சென்டிமீட்டர் சரியாக இருந்தது. ஏறும்போது கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், இறங்கும்போது ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ள வேண்டும். கைப்பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிடித்தால், பாரம் பட்டையில் இறங்கும். விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பலரும் மேலிருந்து கையை விட்டு, மணிக்கட்டு வலிக்கிறது என்று கம்பைக் குறை சொல்வார்கள். மூன்றாவது நாளே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. படியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தபோது மட்டும் கம்புகளை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

பொக்காராவிலிருந்து ஜீப்பில் போய், காந்த்ரூக், சோம்ராங் வழியாக நடந்தார்கள். அங்கே யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் கையில் இரண்டு கம்புகள், அதில் இளவட்டங்களே அதிகம். 4,130 மீட்டர் உயரத்தில் பேஸ் கேம்ப். விடியற்காலையில் அன்னபூர்ணா பொன்னிறமாக மாறியதைப் பார்த்து அவர் கைகூப்பி நின்றார். முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கும்போதுதான் பிரச்னை.

அன்று ஒரே நாளில் 1,800 மீட்டருக்கும் மேல் இறக்கம். டோபன் தாண்டிய பிறகு ஈரமான கல் படிகள். இடது கம்பின் முனை இரண்டு கற்களுக்கு நடுவில் சிக்கியது. அவர் கவனிக்காமல் அடுத்த அடி வைத்துவிட்டார். உடம்பு முன்னால் போக, கம்பு பக்கவாட்டில் நெம்பி, 'டப்'பென்று சத்தம். கீழ்த்துண்டு இரண்டாக முறிந்து, அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் சிராய்ப்பு. அரை அடி தள்ளி விழுந்திருந்தால் பள்ளம்.

மகளுக்குக் கை நடுங்கியது. முந்தின நாள் டியோராலியில் அந்தக் கம்பு பாறையில் உரசிக் கீறல் விழுந்ததை அவள் பார்த்திருந்தாள். பெயின்ட்தான் போயிருக்கிறது என்று விட்டுவிட்டாள். கார்பனில் அப்படி விடக் கூடாது. நீளவாக்கில் அழுத்தினால் நன்றாகத் தாங்கும் அது, பக்கவாட்டு விசைக்கு பலவீனமானது. ஆழமாகக் கீறல் விழுந்த இடத்தில் இன்னும் பலவீனம். அலுமினியம் என்றால் முதலில் வளையும், நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். கம்பில் முழு உடம்பையும் சாய்த்து, கல் படியில் இறங்குகிற 61 வயதுக்காரருக்கு நூறு கிராம் கூடுதலானாலும் அலுமினியமே வாங்கியிருக்கலாம். அவள் எடையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டாள்.

"என் தப்புதான்ப்பா..." என்று ஆரம்பித்தவளை அவர் பேச விடவில்லை. முறிந்த துண்டைக் கையில் எடுத்து, முறிவைத் தடவிப் பார்த்தார். "பீங்கான் இன்சுலேட்டர் மாதிரி போயிருக்கு பாரு. ஒத்த கம்பி வளையல. என்னைத் தூக்கி விடு முதல்ல."

அடுத்து வந்த ஊரின் பெயர் பேம்பூ! நிஜமாகவே அந்த ஊருக்கு அதுதான் பெயர். தங்கிய லாட்ஜின் சுவரோரம் நாலைந்து மூங்கில் குச்சிகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி சைகை காட்டினார் லாட்ஜ்காரர். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் வலது கையில் கார்பன், இடது கையில் மூங்கில். சினுவா ஏறி, ஆற்றுக்கு இறங்கி, மறுபடியும் சோம்ராங் படிகள். ஒவ்வொரு படியிலும் கம்பை முதலில் கீழே வைத்து, அது அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, பிறகே காலை வைத்தார். கல் இடுக்கில் முனை மாட்டினால் இழுக்காமல் நின்று, நேராகத் தூக்கி எடுத்தார். பின்னால் வந்த மகள் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஜின்னு வரை அவள் வாய் திறக்கவில்லை.

"கண்ணு, மூங்கி கனமா இருக்கு, தோள் வலிக்குது. நீ வாங்குனது தேவலாம்" என்று அவரே பேச்சை ஆரம்பித்தார்.

போன வாரம் பெங்களூருக்கு போன் வந்தது. வெள்ளியங்கிரிப் பாதையை பிப்ரவரியில் திறந்துவிடுவார்கள். இந்த முறை ஆறாவது மலையோடு திரும்பிவிடுவதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அம்மா நம்பவில்லை.

"அந்தக் கீழ்த்துண்டு ஒண்ணு மட்டும் தனியா கிடைக்குமான்னு பாரு கண்ணு. அலுமினியத்துல இருந்தா ரெண்டுக்குமே மாத்திக்கலாம்."