பழைய ஜீப்பும் புதிய விலைப்பட்டியலும்



எங்கள் பங்கு இல்லத்து முற்றத்தில் இருபது ஆண்டுகளாக நின்ற டீசல் ஜீப்பை ஜெகதளாவிலும் அருவங்காட்டிலும் அறியாதார் இல்லை. 2004 டிசம்பரில் பதிவு செய்யப்பெற்ற வண்டி. எனக்கு முன்னிருந்த பங்குத் தந்தையரும் அதை ஓட்டினார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் படுத்த படுக்கையாய்க் கிடப்போருக்கு நற்கருணை கொண்டு சென்றதும் அதுதான். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட தாய்மாரைக் குன்னூர் அரசு லாலி மருத்துவமனைக்குச் சுமந்து சென்றதும் அதுதான். அதிலேயே பிறந்த குழந்தை ஒன்றுக்கு நானே ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன்.

2024 நவம்பரில் அதன் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்கிற்று. 15 ஆண்டைக் கடந்த கார்களுக்கு இக்கட்டணம் 600 ரூபாயாக இருந்து, 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. அதுவாவது போகட்டும். வண்டியைக் கீழே படுத்துப் பார்த்த மெக்கானிக், "சாமி, பிரேக்கை நான் சரி செய்து தருவேன். சேஸிஸ் அரித்துப் போயிற்றே, அதற்கு என்ன செய்வது?" என்றார். மலையின் பனியும் மழையும் இரும்பை விட்டு வைப்பதில்லை.

பங்கு மன்றத்தைக் கூட்டினேன். "பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் அரசாங்கம் சலுகை தருகிறதே!" என்று இளைஞர் ஒருவர் எழுந்து சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். 2021 ஆகஸ்டு 13 அன்று மத்திய அரசு வாகன அழிப்புக் கொள்கையைத் தொடங்கி வைத்தது. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்தால் சான்றிதழ் ஒன்று கொடுப்பார்கள். அதைக் காட்டிப் புதிய வண்டி வாங்குவோருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியில் நூற்றுக்கு 25 வரை மாநிலங்கள் குறைக்கலாம். வண்டி செய்யும் நிறுவனங்கள் நூற்றுக்கு 5 தள்ளுபடி தரவேண்டுமென்று அரசு அறிவுரையும் கூறிற்று. அறிவுரைதான், கட்டளையன்று. மூன்றாண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், கார் நிறுவனங்கள் பல இசைந்தது எவ்வளவுக்குத் தெரியுமா? விலையில் நூற்றுக்கு ஒன்றரை, அல்லது 20,000 ரூபாய். இவற்றுள் எது குறைவோ அது. அதுவும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே.

இந்த நுணுக்கமெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்றோமேயன்றி விலைப்பட்டியல் வாசிக்கக் கற்றோமில்லை. சமவெளியிலுள்ள ஒரு விற்பனைக் கூடத்துக்குச் சென்றேன். கண்ணாடி மாளிகை, காப்பி வந்தது, கழுத்துப் பட்டை அணிந்த தம்பி ஒருவர் மிக்க பணிவுடன், "ஃபாதருக்காக மேலாளரிடம் பேசிச் சிறப்பு விலை வாங்கித் தருகிறேன்" என்றார். உள்ளே போனார், நெடுநேரம் கழித்து வெற்றி வீரரைப்போல் திரும்பி வந்தார். ஆண்டிறுதிச் சலுகை 25,000. பழைய வண்டியைக் கொடுத்தால் மாற்றுச் சலுகை 20,000. 'ஃபாதருக்காக' என்ற சொல்லில் என் உள்ளம் சற்றே குளிர்ந்ததை மறைக்க விரும்பவில்லை. அங்கேயே 10,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு, கிறிஸ்துமஸ் தாத்தாவின் மகிழ்ச்சியோடு மலையேறினேன். அந்தப் பணம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கைகள் ஞாயிறுதோறும் உண்டியில் இட்ட பணம் என்பது வழியிலே ஒரு வளைவிலும் என் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் மன்றத்தின் பொருளாளர் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவு. நான் நீட்டிய தாளை மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அடியிலிருந்து மேலாகப் படித்தார்.

"சாமி, 9,60,000 கூடத்து விலை. வாழ்நாள் வரி நூற்றுக்கு 13. இரண்டும் நியாயம். காப்புறுதி 58,000 என்று போட்டிருக்கிறார்களே, வெளியே விசாரித்தீர்களா?"

"அங்கேதான் எடுக்க வேண்டும் என்றார்களே!"

"அப்படிச் சட்டமில்லை, சாமி. புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்புறுதி கட்டாயம். யாரிடம் எடுப்பது என்பது நம் விருப்பம்."

மறுநாளே அதே காப்புறுதிக்கு 44,000 ரூபாய் என்று வேறிடத்தில் எழுதி வாங்கி வந்தார். அடுத்து, 'துணைப்பொருள் தொகுப்பு' 24,500. மிதியடி, இருக்கை உறை, கதவோரத்து நெகிழிப் பட்டை. நான் கேட்காத பொருள்கள். 'கையாளும் கட்டணம்' 8,500. அது அரசுக்குப் போகும் பணமன்று. கூடத்தார் தாமே விதித்துக்கொண்டது. இவ்வாறு 47,000 ரூபாய் எங்களிடமிருந்து போகிறது. அதிலிருந்து 25,000 ரூபாய் சலுகையாய்த் திரும்பி வருகிறது!

கூடத்தாரைக் கள்வர் என்று நான் சொல்லமாட்டேன். புதிய வண்டியை விற்பதில் அவர்களுக்கு மிஞ்சுவது நூற்றுக்குச் சில ரூபாய்களே. காப்புறுதித் தரகு, துணைப்பொருள், கடன் ஏற்பாடு, பழுது பார்த்தல், பழைய வண்டி வாணிகம் ஆகியவற்றில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். டிசம்பரில் தாராளம் காட்டுவதற்கும் காரணம் உண்டு. ஆண்டு பிறந்துவிட்டால் கிடங்கில் நிற்கும் வண்டி சென்ற ஆண்டு வண்டியாகிவிடும். மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கிய வணிகரை ஆமோஸ் இறைவாக்கினர் கடிந்துகொண்டார். இங்கே அப்படி மறைவு ஏதுமில்லை. எல்லாம் அச்சிட்டே இருக்கிறது. வாசியாதவன் நான்.

மேனாடுகளிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. 2009-இல் பொருளாதாரம் சரிந்தபோது, ஒன்பது ஆண்டு கடந்த காரை உடைக்கக் கொடுத்துப் புதுக்கார் வாங்குவோருக்கு ஜெர்மனி 2,500 யூரோ கொடுத்தது. அமெரிக்கா 3,500 அல்லது 4,500 டாலர் கொடுத்தது. பழைய இயந்திரம் மறுபடி ஓடாதபடி அதனுள் ஒரு வேதிக் கரைசலை ஊற்றிக் கெடுத்தார்கள். ஜெர்மனியில் நடந்த விற்பனைகளைப் பின்னர் ஆராய்ந்த பொருளியலார் கண்டது வியப்பானது: பெரிய கார் வாங்கியோருக்கு அரசுப் பணத்துக்கு மேலும் தள்ளுபடி கிடைத்திருந்தது, சிறு கார் வாங்கியோருக்கோ வழக்கமான தள்ளுபடி குறைந்து, அரசுப் பணத்தில் ஒரு பகுதி கூடத்தாரிடமே தங்கிவிட்டது. வாங்குபவன் எவ்வளவு தாங்குவான் என்று விற்பவன் அறிவான்.

இனி ஜீப்பின் கதை. கூடத்தார் அதற்கு 55,000 மதிப்பிட்டிருந்தார்கள். 20,000 மாற்றுச் சலுகையும் சேர்த்தால் 75,000. மேட்டுப்பாளையத்துத் தரகர் ஒருவரோ சலுகை என்ற பேச்சே இல்லாமல் 85,000 தருவதாகச் சொன்னார். ஆக, சலுகை என்று ஒரு கையால் கொடுத்ததை, பழைய வண்டியின் விலையைக் குறைத்து மறு கையால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உடைக்கக் கொடுத்தாலோ இரும்பு விலை 30,000; நிறுவனத் தள்ளுபடி, நூற்றுக்கு ஒன்றரை வீதம், 14,400; கூட்டினால் 44,400. மாற்றுச் சலுகையையும் அழிப்புத் தள்ளுபடியையும் சேர்த்துப் பெற வழியில்லை; ஒன்றுதான்.

"தரகருக்கே கொடுப்போம்" என்றார்கள் பலர். நானும் அப்படியே நினைத்தேன். அப்போது வரிசை வீட்டிலிருந்து வரும் மரியாயின் சேனைத் தாயார் ஒருவர் எழுந்தார். கொழுந்து பறித்துப் பறித்து விரல்கள் கறுத்தவர்.

"சாமி, சேஸிஸ் அரித்துப் போனது என்று மெக்கானிக் சொன்னாராமே. தரகர் அதற்குப் பெயிண்டு அடித்து யாருக்கோ விற்பார். வாங்குகிறவர் கோத்தகிரி இறக்கத்தில் கேரட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள் இல்லையா?"

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பொருளாளர் மட்டும் தாளில் ஏதோ எழுதி, "40,600 ரூபாய் குறையும், சாமி" என்றார். மறுப்பாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். கை தூக்கச் சொன்னேன். உடைப்பதற்கே பெரும்பான்மை.

ஜீப்பைப் பங்கைச் சேர்ந்த லாரிக்காரர் ஒருவர் கூலி வாங்காமல் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினார். புறப்படுமுன் அதிலிருந்த அர்ச். கிறிஸ்தோபர் பதக்கத்தைக் கழற்றிக்கொண்டேன்.

பிறகு பொருளாளரும் நானும் கூடத்துக்குச் சென்றோம். சலுகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "எல்லாம் போக நாங்கள் மொத்தம் கட்ட வேண்டிய தொகை என்ன?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். துணைப்பொருளும் கையாளும் கட்டணமும் மறைந்தன. காப்புறுதியை வெளியே எடுத்துக்கொள்கிறோம் என்றதும், ஆண்டிறுதிச் சலுகை 25,000-இலிருந்து 15,000-க்கு இறங்கிற்று. அந்தச் சலுகை எந்த ஊற்றிலிருந்து சுரந்தது என்பது எனக்கு அப்போதுதான் முழுமையாய் விளங்கியது. முதல் தாளைவிட 37,000 குறைந்தது. பதிவுக் கட்டண விலக்கு 600. ஜீப்பில் விட்டுக்கொடுத்த 40,600-ஐ ஈடுகட்ட இன்னும் 3,000 குறைவு. அதை என் சொந்தக் கணக்கில் எழுதும்படி சொன்னேன். அவசரப்பட்டு முன்பணம் கட்டியதற்கு அபராதமாக. பொருளாளர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன், உடனே எழுதிக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கான சரக்கு சேவை வரியும் மேல்வரியும் சேர்ந்து, பெட்ரோல் வண்டிக்கு 29-ஆக இருந்தது 18-ஆகக் குறைந்தது. எங்கள் வண்டியின் விலைக்கு அது ஏறத்தாழ 80,000 ரூபாய்! நாங்கள் வாதாடிப் பெற்றதைவிட இரு மடங்குக்கு மேல். ஒன்பது மாதம் பொறுத்திருக்கலாமே என்று சிலர் என்னிடம் குறைபட்டார்கள். அந்த ஒன்பது மாதத்தில் இந்த வண்டி லாலி மருத்துவமனைக்குச் சென்ற இரவுகளை நான் எண்ணி வைக்கவில்லை. எனினும் அவர்களுள் ஒருவருடைய தகப்பனார் அதில் சென்றவர்.

இப்போதெல்லாம் புதிய வாகனம் மந்திரிக்க வருவோர், வாங்குமுன்பே ஒரு முறை விலைப்பட்டியலோடு பங்கு இல்லத்துக்கு வருகிறார்கள். மத வேறுபாடு இல்லை. ஜெகதளாவின் படுகர் குடும்பங்களிலிருந்தும் வருகிறார்கள். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பொருளாளர் திண்ணையில் அமர்கிறார். தாளை வாங்கியதும், வழக்கம்போல், அடியிலிருந்து மேலாகப் படிக்கத் தொடங்குகிறார்.