நாயின் பச்சை உணவில் காயும் கனியும்

நாய்க்குச் சமைக்காத இறைச்சியும் எலும்பும் கொடுத்து வளர்ப்பவர்களிடையே காய்கறி பற்றி இரு கட்சிகள் உண்டு. தசை 80 பங்கு, எலும்பு 10, உள்ளுறுப்பு 10 என்று இரை விலங்கின் உடலை ஒத்த கணக்கோடு நிறுத்திக்கொள்வது ஒன்று. 1993-இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் எழுதிய 'கிவ் யுவர் டாக் எ போன்' நூலைப் பின்பற்றி, நசுக்கிய காய்கறியையும் தட்டில் வைப்பது மற்றொன்று.

ஓநாய்தான் நாயின் முன்னோர், ஓநாய் காய் தின்னாது என்பது முதல் கட்சியின் வாதம். இரையின் இரைப்பையில் இருக்கும் புல்லை ஓநாய்கள் பெரும்பாலும் உதறித் தள்ளிவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் மின்னசோட்டாவில் 2017-இல், தான் தின்ற புளூபெர்ரிப் பழங்களை ஓர் ஓநாய் குட்டிகளுக்குக் கக்கிக் கொடுத்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மேலும், நாய் இப்போது ஓநாய் இல்லை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஏஎம்ஒய்2பி மரபணு ஓநாயிடம் பொதுவாக 2 படிகளே. நாயிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. 2005-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் ஸ்காட்டிஷ் டெரியர் நாய்களை ஆராய்ந்தபோது, வாரம் மூன்று முறையாவது காய்கறி தின்றவற்றிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டது. ஒரே இனத்தில், கடைத் தீவனம் தின்ற நாய்களிடம் கிடைத்த முடிவு அது. எல்லா நாய்க்கும் பொருந்தும் உறுதிமொழியாக அதைக் கொள்ளக் கூடாது. கொஞ்சம் காய் சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது என்ற அளவுக்கு அது போதும்.

காயைத் தேர்வதைவிட உடைப்பதில்தான் கைத்திறன் தேவை. தாவரச் செல்லின் சுவர் செல்லுலோஸால் ஆனது. அதைக் கரைக்கும் நொதி நாயின் உடலில் சுரப்பதில்லை. அரைத்து மெல்லும் பழக்கமும் நாய்க்குக் கிடையாது, கடித்துத் துண்டாக்கி விழுங்கிவிடும். அதனால் நறுக்கிப் போட்ட கேரட் மறுநாள் மலத்தில் அதே ஆரஞ்சுத் துண்டாக வந்து கிடக்கும். அனுபவமுள்ளவர்கள் காயை மிக்ஸியில் விழுதாக அரைக்கிறார்கள், அல்லது ஆவியில் லேசாக வேகவைத்து மசிக்கிறார்கள். வெந்த நீரில் இறங்கிய சத்தும் வீணாகாதபடி அதையும் சேர்த்துவிடுவார்கள். உறையவைத்தாலும் செல்சுவர் ஓரளவு உடையும். வார இறுதியில் அரைத்த விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி வைத்துக்கொண்டால் தினமும் ஒன்றிரண்டு கட்டி எடுத்தால் போதும். காயை இறைச்சிக்கு முன்பே நறுக்கிவிடுவது நல்லது. பச்சை இறைச்சி பட்ட பலகையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

அளவு சிறியது. உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் தின்னும் 10 கிலோ நாய்க்கு நாளுக்கு 200–300 கிராம் உணவு. அதில் காய்கனி 20–30 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குள். பழம் அதிலும் சிறு பகுதியே. வைட்டமின் சி-யை நாயின் ஈரலே தயாரித்துக்கொள்வதால் அதற்காகப் பழத்தைக் கூட்ட வேண்டியதில்லை. காய் ஏறினால் இறைச்சியின் புரதம் குறையும்.

மஞ்சள் பூசணி, கேரட், பீன்ஸ், சுரைக்காய், பீர்க்கங்காய் ஆகியவற்றில் தொடங்கலாம். எலும்பு மிகுந்து மலம் வெள்ளையாக இறுகும்போது பூசணியின் நார் பெரிதும் கைகொடுக்கும். கேரட்டின் பீட்டா கரோட்டினை நாய் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும், பூனையால் அது முடியாது. சுரைக்காயையும் பீர்க்கங்காயையும் ஒரு துணுக்கு நாக்கில் வைத்துப் பார்ப்பது அவசியம். கசந்தால் எறிந்துவிட வேண்டும், அந்தக் கசப்பு நஞ்சு. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வாயு சேர்க்கும், வேகவைத்துச் சிறிதே கொடுக்கலாம். பசலை வகைக் கீரைகளில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்த நாய்க்கு ஆகாது. விதை நீக்கிய ஆப்பிள், தர்ப்பூசணி, பப்பாளி நல்லவை. மாங்கொட்டை குடலை அடைத்து அறுவை வரை கொண்டுபோகும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுக் காய், பிறகு இரண்டு மூன்று நாள் மலத்தைக் கவனித்தல்: இந்த ஒழுங்கைப் பிடித்தவர்களுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

வெங்காயமும் பூண்டும் எந்த வடிவிலும் கூடாது. அவற்றின் கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன, சமைத்தாலும் நஞ்சு போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15–30 கிராம் வெங்காயமே இரத்தத்தில் பாதிப்பைக் காட்டப் போதும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். அதற்கு டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021 முதல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியிலும் மிகுதி. குழம்புச் சோற்றை நாய்க்கு வைக்கும் வீடுகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். நாய் திராட்சையோ புளியோ தின்றுவிட்டது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.