பேர்ண் பெருங்கோயிலும் பிராங்கில் எழும் கோபுரங்களும்

ஊரிலிருந்து சுவிசுக்கு வரும் உறவினர்களுக்கென்று ஒரு சுற்றுலாப் பாதை இருக்கிறது. சூரிச் ஏரி, ஏதாவதொரு பனிமலை, பிறகு பேர்ண். அங்கே கரடிகள், மணிக்கூட்டுக் கோபுரம், நாடாளுமன்றம், கடைசியில் மூன்ஸ்ரர் என்னும் பெருந்தேவாலயம். அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு எவராவது ஒரு பெரியவர் கேட்டே தீருவார்: "இவ்வளவு காசுள்ள நாடு. கோயிலுக்கு ஒரு பெயின்ற் அடிக்கமாட்டினமோ?"

பார்த்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். பச்சை கலந்த சாம்பல் நிற மணற்கல் ஓரிடத்தில் கரைந்தும் இன்னோரிடத்தில் ஒட்டுப்போட்டும் நிற்கிறது. 1421இல் தொடங்கிய வேலை. 16ஆம் நூற்றாண்டில் பாதியில் நின்ற கோபுரத்தின் உச்சியை 1893இல்தான் முடித்தார்கள். இன்று அது சுவிசின் மிக உயரமான தேவாலயக் கோபுரம், 100 மீற்றருக்குச் சற்று மேல். உள்ளே தொங்கும் 1611ஆம் ஆண்டுப் பெரிய மணி மட்டும் ஏறக்குறைய 10 தொன்.

உயரத்தையும் மணியையும் வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். தமிழர் கண் நிலைக்க வேண்டியது அந்த ஒட்டுகளில். பேர்ண் மணற்கல் மெத்தென்றது, மழையும் உறைபனியும் அதை அரித்துவிடும். தேய்ந்த கல்லைக் கழற்றி எறிந்து புதுக்கல் வைப்பதுதான் முன்பு வழக்கம். கடந்த சில பத்தாண்டுகளாக அந்தக் கை அடங்கியிருக்கிறது. இன்று தேவாலயத்தின் சொந்தக் கல்தச்சர் பட்டறை, பல்வைத்தியர் சொத்தையை அடைப்பதுபோல, கல்லின் நிறத்துக்கே குழைத்த சாந்தால் அரித்த இடத்தை மட்டும் நிரப்புகிறது. 15ஆம் நூற்றாண்டுத் தச்சனின் உளி பட்ட தடம் முடிந்தவரை அப்படியே இருக்கும். பலிபீடத்துக்கு மேலுள்ள விதானத்தில் 1517இல் முடித்த 80க்கும் மேற்பட்ட புனிதர் உருவங்கள் உள்ளன. 2010களில் சாரம் கட்டி ஏறியவர்கள், 500 ஆண்டுப் பழைய வண்ணம் பெரும்பாலும் நிலைத்திருக்கக் கண்டார்கள். தூசி தட்டித் துடைத்ததே முதன்மையான வேலையானது.

இதே சுவிஸ் பிராங்க் கோயில் திருப்பணிக்கென்று யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தால் என்ன செய்கிறது? பாலஸ்தாபனம் நடக்கும். மறுவாரம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய மண்டபம் மண்ணோடு மண்ணாகும். கொங்கிறீற் தூண், வழுக்கும் ரைல்ஸ், இனாமல் பெயின்ற், அடுத்த ஊரைவிட ஒரு நிலை கூடுதலான ராஜகோபுரம். தேய்ந்த மரவாகனத்துக்கும் தங்கநிறப் பூச்சு! எறிகணைக்குத் தப்பிய சுவர்கள் கும்பாபிஷேகத்துக்குத் தப்பவில்லை.

இதைச் சுவிஸ்காரர் ஒருவர் சொன்னால் மட்டும் தமிழருக்குக் கோபம் வரவேண்டும். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் நம் காலத்துப் போரில் சிதைந்தது. இடிந்ததைக் கட்டியெழுப்பியவர்களிடம் பழமை பேணும் பாடம் நடத்த வெளியார் எவருக்கும் உரிமையில்லை. பேர்ண்காரருக்கோ கடந்த இரண்டு உலகப் போர்களிலும் நகரம் தப்பியது. அவர்களுடைய சிலைகளை உடைக்க அந்நியரும் தேவைப்படவில்லை. 1528இல் மதச் சீர்திருத்தம் வந்தபோது தங்கள் கையாலேயே உடைத்து, தேவாலயத்துப் பக்கத்து மேடைக்கு நிரப்புமண்ணாகப் போட்டார்கள். 1986இல் அந்த மேடையைத் திருத்தும்போது துண்டுகள் வெளிவந்தன. இப்போது அவை வரலாற்று அருங்காட்சியகத்தின் பொக்கிஷம்.

அந்த ஆத்திரத்துக்கும் தப்பியது தலைவாசல். எர்ஹார்ட் கியுங் செதுக்கிய இறுதித் தீர்ப்பு: ஒருபக்கம் சொர்க்கம், மறுபக்கம் எரிநெருப்பு, இடையே இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள். நரகத்தில் விழுபவர்களில் சூரிச் நகரத் தலைவரும் ஒருவர் என்று பேர்ண்காரர் சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். ஊர்ப்போட்டி நமக்கு மட்டும் உரியதல்ல! இப்போது வாசலில் நிற்கும் பெரிய உருவங்கள் நகல்கள். மழையில் கரையாதிருக்க மூலங்களை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஞாயிறு வழிபாட்டில் காலியாகக் கிடக்கும் வாங்குகளைக் காட்டி, "பேணி என்ன பயன், ஆட்கள் இல்லையே" என்பவர்கள் உண்டு. உண்மைதான். நல்லூர்த் திருவிழாவின் ஒரு காலைக் கூட்டம் இந்த மண்டபத்துக்குள் அடங்காது. ஆனால் கூட்டம் வருகிறது என்பது பழைய தூணை இடிக்கக் காரணமாகாது. அதே பேர்ணில் 2014இல் திறந்த 'சமயங்களின் இல்ல'த்துக்குள் சைவக் கோயில் முழுக்கப் புதிதாக எழுந்தது. அங்கே இடிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

உபயகாரர் பெயர் பொறிக்கும் ஆசையையும் குறைசொல்ல முடியாது. மூன்ஸ்ரரின் கண்ணாடி ஓவியங்களில் ரிங்கோல்ற்றிங்கன் போன்ற பணக்காரக் குடும்பங்களின் இலச்சினை இன்றும் மின்னுகிறது. பெயர் வேண்டுமென்றால் ஒழுகும் கூரையைத் திருத்தியதற்கும் ஒரு கல் பதிக்கலாமே. அடுத்த முறை நன்கொடைப் பற்றுச்சீட்டை நீட்டும் திருப்பணிச் சபையிடம், பழைய மண்டபத்தை அளந்து வரைந்தீர்களா, படமாவது எடுத்தீர்களா என்று பிராங்க் கொடுப்பவர் கேட்கலாம். கேட்டவருக்கு வருகிற திருவிழாவில் காளாஞ்சி கிடைப்பது சந்தேகம்.